பரணில் முழிப்பு, பாயில் நித்திரை

கேள்வி: டொக்டர், எனக்கு 24 வயது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஊர். கிளிநொச்சியில் ஒரு காமென்ற்சில் வேலை. கம்பனி பஸ் விடிய 5.15க்குச் சந்திக்கு வரும். போனில் 4.15, 4.30, 4.40 என்று மூன்று அலாரம் வைக்கிறேன். மூன்றையும் நானே நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் படுக்கிறேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழும்பிவிடுகிறார்கள், நான் எழும்புவதில்லை. கடைசியில் அம்மா தண்ணீர் ஊற்றித்தான் எழுப்புகிறா. இந்த மாதம் 3 தரம் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆனால் கிழமையில் 3 இரவு வயல் காவலுக்குப் பரணில் படுக்கும்போது பன்றி அசைந்தாலும் முழித்துவிடுவேன். இது ஏதும் வருத்தமா? சில்லுப் பூட்டி ஓடுகிற மணிக்கூடு ஒன்றை ஒன்லைனில் பார்த்தேன், வாங்கலாமா? போனைப் பானைக்குள் வைக்கச் சொல்கிறான் தம்பி.

பதில்: பரணில் முழிப்பு வருகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் காதில் பழுதில்லை. நித்திரையிலும் காது மூடுவதில்லை. வருகிற சத்தங்களை மூளை தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. 1960இல் வெளியான ஓர் ஆய்வில், நித்திரையில் இருந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மற்றப் பெயர்களுக்குச் சும்மா கிடந்த மூளை, சொந்தப் பெயர் வந்ததும் அலையெழுப்பியது. பரணில் உங்களுக்குப் பன்றியின் முணுமுணுப்பு அப்படித்தான். தூங்கினால் கதிர் போய்விடும் என்பது மூளைக்குத் தெரியும். அதே மூளைக்குப் போனின் ‘டிங் டிங்’ ஒவ்வொரு நாளும் அடித்து, ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காமல் போகிற சத்தம். அதோடு, காவல் நித்திரை பெரும்பாலும் மேலோட்டமான நித்திரை. வீட்டுப் பாயில்தான் ஆழம்.

இனி மணித்தியாலக் கணக்கு. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் போன் பார்த்துப் படுக்கப் பதினொன்றரை ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நாலேகால் வரை ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. வளர்ந்த ஒருவருக்கு ஆகக்குறைந்தது 7 வேண்டும். அதற்கு மேல் கிழமைக்கு மூன்று இரவு காவல். நித்திரைக் கடன் ஏறினால் உடம்பு அதை ஆழத்தில் அறவிடும். வழமையாக ஆழ்ந்த நித்திரை இரவின் முதல் பகுதியில்தான் கூடுதலாக இருக்கும். கடன்காரருக்கு அது பின்னிரவுக்கும் நீளும். அதோடு உடம்புச் சூடு ஆகக் குறைவது பெரும்பாலும் விடிய 4, 5 மணியை ஒட்டி. நீங்கள் அலாரம் வைப்பது சரியாக அந்தப் பள்ளத்துக்குள்.

நிற்பாட்டியது ஞாபகம் இல்லாததற்குப் பயப்பட வேண்டாம். ஆழ்ந்த நித்திரையில் இருந்து உலுப்பி எழுப்பினால் கை கால் முதலில் முழிக்கும், யோசிக்கிற பகுதி பின்னால்தான் வரும். நான் இன்டர்னாக இருந்த காலத்தில் ஒருமுறை வார்ட்டில் இருந்து வந்த போனை எடுத்து, “ஓம், வாறன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறேன். நேர்ஸ் வந்து கதவைத் தட்டியபோது, போன் வரவேயில்லை என்று சண்டை பிடித்தேன். போனைத் தலைமாட்டில் வைத்திருக்கும்வரை உங்கள் கையும் இதைத்தான் செய்யும்.

அந்தச் சில்லு மணிக்கூட்டின் பெயர் குளொக்கி. கௌரி நந்தா என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்தபோது செய்தது. அடித்துக்கொண்டே மேசையிலிருந்து குதித்து ஓடும். துரத்திப் பிடித்தால்தான் நிற்பாட்டலாம். ‘முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும்’ வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு 2005இல் அதற்குக் கிடைத்தது. வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் நம் வீடுகளில் அது வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குப் போனால் துரத்தப்போவது உங்கள் நாய்தான். அதில் எடுக்க வேண்டியது ஒன்று: நிற்பாட்டுவதற்குக் கால் நிலத்தில் பட வேண்டும். அதற்குக் காசு வேண்டாம். நுளம்பு வலைக்கு உள்ளே நீங்கள், வெளியே எட்டு அடி தள்ளிப் போன். வலையைத் தூக்கி வெளியே வருவதற்குள் பாதி முழிப்பு வந்துவிடும்.

பானை யோசனை மோசமில்லை, சத்தம் கூடும். ஆனால் கூச்சலைவிட அடிக்குரல் முக்கியம். புகை அலாரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், வழமையான 3,100 ஹேர்ட்ஸ் கீச்சுச் சத்தத்தைவிட 520 ஹேர்ட்ஸ் அடித்தொனி நித்திரைக்காரரை நன்றாக எழுப்பியது. போனில் தடித்த, தாழ்ந்த ஓசை ஒன்றைத் தெரியுங்கள். கிழமைக்கு ஒருக்கால் அதை மாற்றுங்கள், மூளை பழகிவிடக் கூடாது.

ஒன்று மட்டும் வேண்டாம். சைரன், வெடிச்சத்தம் மாதிரியான ஓசைகளை வைக்காதீர்கள். ‘சோனிக் பொம்ப்’ என்றே பெயர் வைத்து விற்கிற ஓர் அலாரமும் இருக்கிறது. லண்டனில் அது வேடிக்கையாக இருக்கலாம். 2009ஐக் கடந்து வந்த அம்மா படுத்திருக்கும் வீட்டில், பக்கத்தில் ஓர் ஆச்சியும் இருக்கும் ஊரில், விடிய நாலேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. உங்களை எழுப்பப் போய் அவர்களின் நித்திரையை மாதக்கணக்கில் கெடுத்துவிடும். உரத்த சத்தம் வேண்டாம் என்றால், தலையணைக்குக் கீழே வைத்து அதிர வைக்கும் தட்டு அலாரங்கள் இருக்கின்றன. காது கேளாதவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

ஜப்பானில் வசாபி என்ற காரக் கிழங்கின் நெடியைக் காற்றில் விசிறி எழுப்பும் தீ அலாரம் செய்தார்கள். 2011இல் அதற்கும் இக் நோபல் கிடைத்தது. வெறும் மணம் ஆளை எழுப்புவது அரிது, எரிவு எழுப்பும். குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தால் வீடே தும்மிக்கொண்டு எழும்புவதும் இதே முறைதான். அம்மாவுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் ஆபத்து.

எனக்குப் பிடித்த உபாயம், அம்மாவின் குரல். சிறுவர்களிடம் செய்த ஆய்வுகளில் தாயின் குரல், வழமையான அலாரத்தைவிட நன்றாக எழுப்பியிருக்கிறது. உங்களுக்கு 24 வயது என்றாலும் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. உங்கள் பெயரைச் சொல்லி, “பஸ் வந்திட்டுது, எழும்படா” என்று அம்மாவைச் சொல்ல வைத்துப் போனில் பதிந்து அலாரமாக வையுங்கள். ஏச்சு கலந்திருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் மிச்சம்.

போனை நிற்பாட்டிய கையோடு லைற்றைப் போடுங்கள். நம் பக்கம் ஆறு மணியை ஒட்டித்தான் வெளிக்கும். அதுவரை மூளைக்கு இரவுதான். முகம் கழுவி, பிளேன்ரீ குடியுங்கள். எழும்பிய முதல் அரை மணித்தியாலம் தலை மந்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சந்திக்கு மோட்டார் சைக்கிளில் பறக்க வேண்டாம், றோட்டில் யானையும் நிற்கும் காலம் இது. அதனால் அலாரம் மூன்று வேண்டாம், 4.30க்கு ஒன்று போதும். முதல் இரண்டும் உங்களுக்கு நித்திரையைக் கிள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

ஆனால் இதெல்லாம் வாசலில் நிற்கிற வேலை. காவல் இல்லாத நாலு இரவும் ஒன்பதரைக்குப் படுங்கள். அடுத்த நாள் வேலை இருக்கிற இரவில் காவலை முன்சாமம், பின்சாமம் என்று பக்கத்து வயல்காரரோடு பிரித்து, முன்சாமத்தை நீங்கள் எடுங்கள். பரணில் தேத்தண்ணியைக் காவல் தொடங்கும்போது குடியுங்கள், முடியும்போது வேண்டாம். அதில் இருக்கிற, நித்திரையை விரட்டும் கஃபீனில் ஏறக்குறையப் பாதி ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் நிற்கும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நித்திரை கொள்வதை யாரும் பகிடி பண்ணினால் பண்ணட்டும்.

இப்படி இரண்டு கிழமை செய்து பாருங்கள். ஏழு எட்டு மணித்தியாலம் படுத்தும் பகலில் கண் செருகினால் அப்போது இது வேறு கதை. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று பிறகு திணறி எழுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். விடியத் தலையிடி, கதைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரை, சிரிக்கும்போது முழங்கால் தளர்வது, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் அங்கே இரத்தம் சோதிப்பார்கள். தடிமனுக்கென்று இரவில் பிரிற்றன் குளிசை போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன் மயக்கம் விடிந்த பிறகும் விடாது. பரணில் குளிருக்கென்று யாரும் ஊற்றித் தருகிறார்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.