உஹுராவைப் பற்றிக் கேட்டீர்கள்: படகு வயர்லெஸ் மேசையிலிருந்து பதில்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அறிவியல் புனைவுத் தொடர் பார்க்கும் கூட்டம் சின்னதுதான். ஆனால் கேள்வி கேட்பதில் யாருக்கும் சளைத்ததில்லை. இந்த முறை எடுத்துக்கொண்டது 'ஸ்டார் ட்ரெக்' முதல் தொடரில் வரும் லெப்டினன்ட் உஹுரா. கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விட்ட அந்தப் பாத்திரத்தின் நல்ல காட்சிகள் எவை என்று ஆளாளுக்குக் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். தொடரை முழுசாகப் பார்த்தவள் என்பதால் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மண்டபத்தில் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. உஹுராவுக்கும் ஏறக்குறைய அதே வேலை.

கேள்வி: அக்கா, நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. யார் இந்த உஹுரா? (கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்)

எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி. தொடர் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை 79 பகுதிகள் ஓடியது. நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ், அதற்கு முன்பே ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் குழுவோடு மேடையில் பாடியவர். கறுப்பினப் பெண் என்றால் வீட்டு வேலைக்காரி வேஷம்தான் என்று அமெரிக்க டிவி இருந்த காலத்தில், கப்பலின் கட்டளை அறையில் அதிகாரியாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சரி, நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தவருக்கு வேலை கொடுக்கப் பல வாரங்களில் மறந்துவிட்டார்கள். கதையில் எழுதியிருந்த தன் வசனங்கள் படப்பிடிப்புக்கு வருவதற்குள் வெட்டுப்பட்டுவிடும் என்று நிக்கோல்ஸே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு "லைன் கிடைச்சிருச்சு கேப்டன்" என்று சொல்வது ஒரு பெரிய வேலையா? என் படகில் அதைச் சின்னப் பையன் செய்கிறான். (விசைப்படகு டிரைவர், ராமேசுவரம்)

அண்ணே, அந்தப் பையன் ஒரு நாள் வரவில்லையென்றால் நீங்கள் கடலில் என்ன பாடு படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். செட்டில் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு இருக்கிறதே, இரைச்சலை அடக்குவதற்கு? அதை நன்றாகத் திருகி வைத்தால் காதுக்குச் சுகம்தான். ஆனால் தூரத்துப் படகிலிருந்து மெலிசாக வரும் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அமுங்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவன் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்பான். சேனல் 16-ல் ஆபத்து என்று ஒருவன் கூப்பிடும்போது, கேட்கிற காது ஒன்று வேண்டும். உஹுரா வேலை அதுதான். இரைச்சலுக்குள்ளே இருக்கிற மனுஷக் குரலைப் பிரித்தெடுப்பது.

அலுப்பு தட்டுகிற வேலை என்பதையும் தொடர் மறைக்கவில்லை. முதன்முதலில் ஒளிபரப்பான பகுதியிலேயே, 'அலைவரிசை' என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்டால் அழுதுவிடுவேன் என்று கப்பலின் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்கிடம் சொல்கிறார். கூடவே, முழு நிலவு காயும் மாலையில் உங்கள் கிரகம் எப்படி இருக்கும் என்று கொஞ்சலாகக் கேட்கிறார். எங்கள் வல்கனுக்கு நிலாவே கிடையாது என்கிறார் ஸ்பாக். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று உஹுரா பட்டென்று முடிக்கிறார். ஒரு நிமிஷக் காட்சிதான். வேலை பழகிப்போன, வாய்த்துடுக்கும் உள்ள ஒரு பெண் முழுசாக அதில் தெரிகிறார். மற்ற 78 பகுதிகளிலும் இவரை இப்படியே எழுதியிருந்தால் இந்தக் கேள்வி பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

கேள்வி: ஒரே ஒரு காட்சிதான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? (கீழக்கரை)

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1967 செப்டம்பரில் வந்த 'ஹூ மோர்ன்ஸ் ஃபார் அடோனைஸ்?' பகுதி. கிரேக்கக் கடவுள் அப்பல்லோ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன் கப்பலை அப்படியே பிடித்து நிறுத்திவிடுகிறான். கேப்டன் கிர்க்கும் மற்றவர்களும் கீழே கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களோடு பேச வழியில்லை. மேலே ஸ்பாக் பொறுப்பில் இருக்கிறார். உஹுரா தன் பலகையின் பேனலைத் திறந்துபோட்டு, கையில் கருவியோடு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார். மாற்றுச் சுற்று ஒன்று போட்டாக வேண்டும். இந்த மாதிரி வேலை செய்து பல வருஷமாயிற்று, கொஞ்சம் பிசகினாலும் மொத்தத் தொடர்பும் எரிந்துபோகும் என்கிறார். அதற்கு ஸ்பாக், இதைச் செய்ய உங்களைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தொடர்ந்து செய்யச் சொல்கிறார். அவ்வளவுதான் காட்சி.

இதில் என்ன பெரிசு என்று கேட்பீர்கள். என் மேசைக்கு வரும் செட்டுகளைத் திறந்தால், உப்புக் காற்று பட்டுப் பட்டு செம்பு பச்சை பூத்திருக்கும். ஈயம் வைத்த இடம் மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் தட்டினால் கால் ஆடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பேஸ்ட் தடவி, பக்கத்துக் காலில் ஒட்டாமல் புது ஈயம் வைக்க வேண்டும். அயர்ன் அரை நொடி அதிகம் நின்றால் போர்டிலிருந்து தகடு உரிந்து வந்துவிடும். அந்த நேரத்தில் தோளுக்கு மேலே ஒருவர் நின்று "ஆச்சா, ஆச்சா" என்றால் கை நடுங்கும். ஸ்பாக் சீக்கிரம் வேண்டும் என்று ஒரு தடவை சொல்வதோடு சரி, நச்சரிக்கவில்லை. உஹுராவும் என்னால் முடியாது என்று சொல்லவில்லை. இதில் இருக்கும் சிக்கலைத் தெரிந்து பேசுகிறார், பேசிக்கொண்டே செய்கிறார். இரண்டு தொழில்காரர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு அது. அந்தக் காலத் தொலைக்காட்சியில் ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசிய காட்சிகளை நீங்களே தேடிப் பாருங்கள்.

கேள்வி: எல்லோரும் அந்த முத்தக் காட்சியைத்தானே சொல்கிறார்கள்? (தேவிபட்டினம்)

சொல்கிறார்கள். 1968 நவம்பர் 22, 'பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்'. வெள்ளைக்காரக் கேப்டனும் கறுப்பின அதிகாரியும். அமெரிக்க டிவியில் இனம் தாண்டிய முதல் முத்தம் என்று எழுதுவார்கள். அதற்கு முன்பும் சில இருந்தன என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். வரலாற்றில் அதற்குரிய இடம் இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் கதையில் என்ன நடக்கிறது? மனோசக்தி உள்ளவர்கள் இவர்களைப் பொம்மையாக ஆட்டி வைத்து முத்தமிடச் செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் சம்மதம் இல்லை. உஹுராவின் பெயர் வரலாற்றில் ஏறிய காட்சியில், அவர் உடம்பே அவர் சொல்பேச்சு கேட்கவில்லை.

நான் அதில் பார்ப்பது முத்தத்துக்கு முந்திய சில வரிகளை. கப்பலில் பயந்து செத்த நேரங்களில் எல்லாம் உங்கள் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும், பயம் போய்விடும் என்று கிர்க்கிடம் சொல்கிறார். இப்போது என்னை நடுங்க வைக்கிறார்கள், ஆனாலும் நான் பயப்படவில்லை என்கிறார். குரல்தான் இவர் உலகம் என்பதை எழுதியவர் அங்கே மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்.

கேள்வி: சண்டைக் காட்சி ஏதாவது உண்டா அக்கா? (ஏர்வாடி, பத்தாம் வகுப்பு)

உண்டு தம்பி. 1967 அக்டோபரில் வந்த 'மிரர், மிரர்'. கிர்க், டாக்டர் மெக்காய், பொறியாளர் ஸ்காட்டி, உஹுரா நான்கு பேரும் வேறொரு பிரபஞ்சத்துக் கப்பலில் போய் விழுகிறார்கள். அங்கே எல்லோரும் கொலைகாரர்கள், இடுப்பில் குத்துவாள். கப்பலை ஓட்டும் அந்த ஊர் சூலு உஹுராவிடம் வாலாட்டுகிறான். ஸ்காட்டி திருட்டுத்தனமாக மின்சாரம் எடுக்கும்போது சூலுவின் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அவன் பார்க்கக் கூடாது. உஹுரா சிரித்துப் பேசி அவன் பார்வையைத் தன் பக்கம் திருப்பி வைக்கிறார். விளக்கு எரிந்து அணைந்த மறு நொடி ஒரு அறை. கை குத்துவாளுக்குப் போகிறது. வாளை நீட்டியபடியே பின்வாங்கி வெளியேறுகிறார்.

கவனிக்க வேண்டியது ஆரம்பத்தில். அந்தக் கப்பலின் கட்டளை அறைக்குப் போகும்படி கிர்க் சொன்னபோது உஹுராவின் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரியும். பயத்தோடுதான் போகிறார். கடைசியில் வேறொரு பெண் துப்பாக்கியோடு வழிமறிக்கும்போது அதைப் பிடுங்குவதும் இவர்தான். கிர்க்கும் ஸ்காட்டியும் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கேள்வி: பாடுவாராமே? (மண்டபம்)

பாடுவார். 'சார்லி எக்ஸ்' பகுதியில் ஓய்வு அறையில் ஸ்பாக் யாழ் மாதிரி ஒன்றை மீட்ட, அவரையே கேலி செய்து பாடுகிறார். நிக்கோல்ஸ் உண்மையிலேயே பாடகி என்பதால் குரலில் பாவனை இல்லை. அங்கேயே ஒரு கொடுமையும் நடக்கும். பாட்டு பிடிக்காத சார்லி மந்திரம் போட்ட மாதிரி அவர் குரலை அடைத்துவிடுவான்.

'சேஞ்ச்லிங்' பகுதியில் இன்னும் மோசம். இவர் முணுமுணுத்த பாட்டு புரியாமல் நோமாட் என்ற இயந்திரம் இவருடைய நினைவு அனைத்தையும் துடைத்துவிடுகிறது. நர்ஸ் சேப்பல் உட்கார வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஆங்கிலச் சொல் வராமல் எரிச்சலில் தன் தாய்மொழி சுவாஹிலியில் பொரிகிறார் உஹுரா. நல்ல தொடக்கம். அடுத்த வாரம் எதுவுமே நடக்காத மாதிரி தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு ஆளின் வாழ்நாள் நினைவு மொத்தமும் போயிருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேப்டனுக்கு இப்படி ஆகியிருந்தால் இரண்டு வாரம் இழுத்திருப்பார்கள்.

கேள்வி: கப்பலை எப்போதாவது அவர் பொறுப்பில் விட்டார்களா? (ஆசிரியை, தொண்டி)

முதல் தொடரில் ஒரு முறைகூட இல்லை டீச்சர். 1966 டிசம்பரில் ஒரு போர்க் கதையில் வழி செலுத்தும் பலகையில் உட்கார வைத்தார்கள், உடனே சரளமாக வேலை செய்தார். அதிகாரம் கையில் வந்தது 1973-ல், கார்ட்டூன் தொடரில். ஒரு கிரகத்துப் பெண்களின் அழைப்பில் ஆண்கள் எல்லோரும் மயங்கித் தள்ளாட, உஹுரா நானே கட்டளை ஏற்கிறேன் என்று அறிவித்து, பெண்களை மட்டும் கொண்ட பாதுகாப்புப் படையோடு இறங்கி அவர்களை மீட்டு வருகிறார். 'லோரலை சிக்னல்' என்று தேடுங்கள். படம் வரைந்த தரம் சுமார்தான், கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் சொல்லித்தான் தொடரில் நீடித்தார் என்பது நிஜமா? (உச்சிப்புளி)

நிக்கோல்ஸ் பல பேட்டிகளில் சொன்னது இது. முதல் பருவம் முடிந்ததும், நாடக மேடைக்குப் போகலாம் என்று தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரியிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு நிதி திரட்டும் விழாவில் கிங்கைச் சந்தித்தார். நானும் மனைவியும் எங்கள் குழந்தைகளைக் கண்விழித்துப் பார்க்க அனுமதிக்கும் ஒரே தொடர் இது, நீங்கள் போகக் கூடாது என்றாராம் அவர். நிக்கோல்ஸ் திரும்பிப் போனார்.

கேள்வி: விண்வெளிக்குப் போனவர்கள் யாராவது இவரைப் பார்த்துக் கிளம்பினார்களா? (பிளஸ் டூ மாணவி, பாம்பன்)

மே ஜெமிசன். சின்ன வயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். 1992 செப்டம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போன முதல் கறுப்பினப் பெண். தன் வேலை நேரம் தொடங்கும்போதெல்லாம் உஹுராவின் அழைப்பு வசனத்தைத்தான் சொல்லித் தொடங்குவாராம். நிக்கோல்ஸும் சும்மா இருக்கவில்லை. 1977-ல் நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லி நாடெங்கும் சுற்றினார். 1978-ல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், பின்னாளில் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைடு அதில் ஒருவர். நீ இயற்பியல் எடுத்திருக்கிறாயா? ஏரியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை மண்டபம் வா.

கேள்வி: உங்களுக்கு ரொம்ப எரிச்சல் தந்த காட்சி? (சாயல்குடி)

1991-ல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படம். கிளிங்கன் எல்லைக் காவலன் வயர்லெஸ்ஸில் கூப்பிட, இந்த அம்மா தடித்தடியான அகராதிகளைப் புரட்டித் தப்பும் தவறுமாகப் பதில் சொல்கிறார். சிரிப்புக்காக வைத்தது. இருபத்தைந்து வருஷ சர்வீஸ் உள்ள தகவல் தொடர்பு அதிகாரிக்கு எதிரியின் பாஷை தெரியாதாம்! 2022-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் செலியா ரோஸ் கூடிங் நடித்த இளம் உஹுராவுக்கு 37 மொழி தெரியும். ஒரு வால்நட்சத்திரத்துக்குப் பாடிக் காட்டி அதோடு பேசுகிறார். கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. எதிலிருந்து தொடங்கலாம்? (பாம்பன்)

'டிரபிள் வித் டிரிபிள்ஸ்' போடுங்கள். பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பிராணியை வியாபாரியிடமிருந்து இலவசமாக வாங்கிக் கப்பலுக்குள் கொண்டுவருவதே உஹுராதான். அது குட்டி போட்டுக் குட்டி போட்டுக் கப்பலையே நிறைத்துவிடும், பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்து 'மிரர், மிரர்'. அப்பல்லோ கதையில் மற்றதெல்லாம் கொஞ்சம் இழுவை, பேனல் திறக்கிற காட்சி வரும்போது மட்டும் கூப்பிட்டுக் காட்டுங்கள். முத்தப் பகுதியை இப்போது போட வேண்டாம். அந்தக் கொடுமைக்காரர்கள் ஆட்டி வைப்பது பிள்ளைக்குப் பயமாக இருக்கும், இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும்.