4294967297: இரண்டை வைத்துச் சோதித்தால் வரும் சிக்கல்

வணக்கம். 2³²+1, அதாவது n = 4294967297 பகா எண்ணா என்று ஃபெர்மா சோதனை (n பகா எண்ணானால், அதனால் வகுபடாத எந்த எண்ணின் (n−1)-ஆம் அடுக்கையும் n-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்) செய்து பார்த்தேன். பைத்தானில் 2-இன் (n−1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. அப்படியானால் பகா எண். அதையே சி மொழியில் 64 பிட் எண்களை வைத்து எழுதினால் மீதி 0 வருகிறது. பாடப் புத்தகமோ 641-ஆல் வகுபடும் என்கிறது. எதை நம்புவது?
– கல்லூரி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் சொல்வதுதான் சரி. 641 × 6700417 = 4294967297; தாளிலேயே பெருக்கிப் பார்த்துவிடலாம். பைத்தான் தந்த 1-உம் சரியான மீதிதான். அதை வைத்துப் பகா எண் என்று முடிவுகட்டியதில்தான் பிழை.

சி தந்த 0 வரவே முடியாத விடை. n ஒற்றைப்படை எண். 2-இன் எந்த அடுக்கும் அதனால் மீதியின்றி வகுபடாது. n−1 = 2³² என்பதால் 2-ஐ 32 முறை வர்க்கமாக்கினால் அந்த அடுக்கு வந்துவிடும். வர்க்கமாக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. கடைசியாக வந்தது n−1. அதன் வர்க்கம் 2⁶⁴. குறியில்லா 64 பிட் எண்ணின் உச்சம் 18446744073709551615. நமக்கு வேண்டியது அதைவிட ஒன்றே ஒன்று அதிகம். 64 பிட்டில் இடம் போதாமல் எண் வழிந்து 0 ஆகிவிடுகிறது, அதன்பின் எத்தனை முறை வர்க்கமாக்கினாலும் 0தான். 32 பிட்டில் எழுதியிருந்தால் n-ஏ 1 ஆகச் சுருங்கியிருக்கும்.

சரி, பைத்தானில் ஏன் 1? 2³² என்பது n−1, அதாவது மீதிக் கணக்கில் −1. அடுத்த வர்க்கம் 1. ஆறாவது வர்க்கத்திலேயே 1 வந்துவிடுவதால் மிச்சமுள்ள 26 முறையும் அதுவே நிற்கும். n பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படித்தான் நடக்கும். 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1, 2³²+1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் ஃபெர்மா எண்கள் அத்தனையும் 2-இன் சோதனையில் தேறிவிடும் என்பதால் அவற்றுக்கு அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 31-ஆவது வர்க்கத்தில் 10324303, 32-ஆவதில் 3029026160 வரும். 1 வரவில்லை, ஆகவே பகு எண். வழியில் n−1 எங்கும் வராததால் உங்கள் சி நிரலும் இங்கே வழியாது.

641 என்ற காரணியைக் கண்டுபிடித்தவர் கணிதவியலாளர் ஆய்லர், 1732-இல். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 64k+1 (k ஒரு முழு எண்) வடிவில்தான் இருக்கும் என்பதால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிடும். பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அதை 128k+1 என்று இறுக்கினார். அப்போது மிஞ்சுவது 257, 641 இரண்டுதான். 257-உம் ஒரு ஃபெர்மா எண். இரு வேறு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி கிடையாது, எனவே அதுவும் போயிற்று. முதல் முயற்சியே 641!

வகுக்காமலும் காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. 641 = 5·2⁷+1. ஆகவே 641-ஐப் பொறுத்தவரை 5·2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴·2²⁸-இன் மீதி 1. கூடவே 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது.

6700417 பகா எண்தானா என்று பார்க்க 641, 769, 1153, 1409 ஆகிய நான்கால் வகுத்தால் போதும். அதன் வர்க்கமூலம் 2589-ஐத் தாண்டாது. அதற்குள் 128k+1 வடிவில், 257 நீங்கலாக, வேறு பகா எண் இல்லை. மீதிகள் முறையே 44, 120, 334, 622.