வாளெடுக்காமல் கைமாறிய ஜெருசலேம்

கேள்வி: சிலுவைப் போர்க் காலத்தில் போரே நடக்காமல் ஜெருசலேமைப் பெற்ற பேரரசர் ஒருவரைப் போப்பாண்டவர் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்திருந்தார் என்று படித்தேன். இது எப்படி நேர்ந்தது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவர் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக். சிலுவைப் போருக்குச் செல்வதாக 1215-இல் நேர்ந்துகொண்டவர், பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, 1227-இல் பிரிண்டிசியில் கப்பலேறி, படையில் நோய் பரவியதால் திரும்பிவிட்டார். போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகரி இதைச் சாக்குப்போக்கு என்று கருதி அவரை விலக்கினார். இத்தாலியின் வடக்கே பேரரசும் தெற்கே சிசிலி அரசும் ஒரே மனிதரிடம் இருக்க, நடுவே தம் நிலம் நெருக்கப்படுகிறதே என்ற அச்சமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது என்பது என் கருத்து. விலக்கம் நீங்கும் முன்பே, 1228-இல் பிரெடெரிக் புறப்பட்டுவிட்டார். விலக்கப்பட்டவர் புனிதப் போருக்குத் தலைமை தாங்குவதைப் போப்பாண்டவர் ஏற்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் எகிப்து சுல்தான் அல் காமிலுக்கும் வீட்டுச் சண்டைதான் பெரிதாக இருந்தது. டமாஸ்கஸை ஆண்ட தம்பி அல் முஅஸ்ஸமை அடக்குவதற்காக அவர்தாம் பிரெடெரிக்கை முதலில் அழைத்தார். பேரரசர் வந்து சேர்வதற்குள் தம்பி இறந்துவிட்டாலும், தம்பி மகனிடமிருந்து டமாஸ்கஸைப் பறிக்கும் முயற்சியில் இருந்த சுல்தானுக்குக் கடற்கரையில் இன்னொரு போர் தேவைப்படவில்லை. ஜெருசலேமின் மதில்களோ 1219-இலேயே இடிக்கப்பட்டிருந்தன. எனவே அதைக் கொடுத்தாலும் வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம் என்று அவர் கணக்கிட்டார். சுல்தானின் தூதர் பக்ருத்தீன் வழியே நீண்ட பேச்சு நடந்து, 1229 பிப்ரவரி 18 அன்று பத்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான உடன்படிக்கை ஏற்பட்டது. ஜெருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறிஸ்தவர்களுக்கு. பாறைக் குவிமாடமும் அல் அக்ஸா பள்ளிவாசலும் முஸ்லிம்களுக்கு.

இரு தரப்பிலும் கொந்தளிப்பு எழுந்தது. டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசலில் நகரத்தின் இழப்பை எண்ணி மக்கள் அழும்படி பிரசங்கம் நடந்தது. மார்ச் 18 அன்று திருக்கல்லறைத் தேவாலயத்தில் பிரெடெரிக்குக்கு முடிசூட்ட எந்த ஆயரும் முன்வராததால், பலிபீடத்தின் மேலிருந்த மகுடத்தை அவரே எடுத்து அணிந்துகொண்டார். அவர் தங்கியதற்காகவே புனித நகரில் வழிபாடு நடத்தக் கூடாதென்று ஜெருசலேம் கிறிஸ்தவர்களின் தலைமை ஆயரான மறைமுதுவர் ஜெரால்டு தடை விதித்தார். இதற்கிடையே போப்பாண்டவரின் படை அவருடைய சிசிலி அரசுக்குள் புகுந்திருந்தது. மே 1 அன்று ஆக்கர் துறைமுகத்தில் அவர் கப்பலேறப் போனபோது, இறைச்சிக் கடைத் தெருவில் குடலையும் கழிவையும் அவர்மேல் வீசினார்கள். மறு ஆண்டே போப்பாண்டவர் சமரசம் செய்துகொண்டு விலக்கத்தை நீக்கினார்.

கேள்வி: அப்படியானால் பிரெடெரிக்கைச் சமய நல்லிணக்கத்தின் முன்னோடி என்று சொல்லலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆயினும் அவருடைய ஆர்வம் உண்மையானது. அரபு மொழியும் கிரேக்கமும் லத்தீனும் புழங்கிய பலெர்மோவில் வளர்ந்தவர். கணிதப் புதிர்களைச் சுல்தானின் அறிஞர்களுக்கு அனுப்பி விடை கேட்டவர். ஜெருசலேமில் அவர் தங்கிய இரவில், விருந்தாளியின் மனம் நோகக் கூடாதென்று நாப்லஸ் காஜி பாங்கு சொல்ல வேண்டாமென நிறுத்தியதையும், மறுநாள் பேரரசர் அதைக் கேட்கத்தானே இங்கே தங்கினேன் என்று கடிந்துகொண்டதையும் வரலாற்றாசிரியர் இப்னு வாசில் எழுதியிருக்கிறார்.

அதே மனிதர்தாம் தம் சிசிலியில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம்களை வேரோடு பெயர்த்து, ஆயிரக்கணக்கில் தென் இத்தாலியின் லூசெராவில் குடியமர்த்தினார். அங்கே தொழுகைக்குத் தடையில்லை. ஆனால் அவர்களுடைய வரியும் வில்வீரர்களும் அவருக்குத் தேவைப்பட்டன. திருச்சபையின் விலக்கம் எந்தக் கிறிஸ்தவப் படையையும் கலைக்கக்கூடியதாக இருந்த காலத்தில், இந்த வீரர்களை அது தொடவே முடியாது. அரசனின் தயவில் மட்டுமே நின்ற அந்தப் பாதுகாப்பு அவருடைய வம்சத்தோடு ஆட்டம் கண்டது. 1300-இல் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸ் லூசெரா குடியிருப்பைக் கலைத்து, அங்கிருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோரை அடிமைகளாக விற்றார்.