வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை சென்சர் வைத்து அளந்து, கணினியில் பதிந்து கிராப் ஆக்குவது எப்படி?

பழைய லப்டொப் ஒன்றும் ஆர்டுயினோ ஊனோ போட் (சென்சரைக் கொழுவி வாசிக்கிற சின்ன மின்சுற்றுப் பலகை) ஒன்றும் இருக்கு, கிணற்றுத் தண்ணி ஏறி இறங்குவதை மாரி முடியும்வரை பதிய வேணும், எந்த சொவ்ட்வெயர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். சொவ்ட்வெயர் கடைசிப் பிரச்சினை, தம்பி. லிப்ரே ஒபிஸே காணும். பைதன் என்ற புரோகிராம் மொழி தெரிந்தால் இன்னும் வசதி. எதைச் சேமிக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவெடுக்க வேணும். நான் சொல்வேன், சென்ரிமீற்றரைச் சேமிக்காதீர்கள். சென்சர் என்ன இலக்கம் தந்ததோ அதையே சேமியுங்கள், கணக்கை லப்டொப்பில் பிறகு போடலாம்.

உங்களிடம் இருப்பது மீயொலி சென்சர் என்றால், அது தூரத்தை அளப்பதில்லை. 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி, தண்ணியில் பட்டுத் திரும்பி வர எத்தனை மைக்ரோசெக்கன் பிடித்தது என்பதை மட்டும்தான் அளக்கிறது. இணையத்தில் கிடைக்கிற அனேகமான புரோகிராம்கள் அதை 58ஆல் வகுத்து சென்ரிமீற்றர் ஆக்கிவிடும். ஆனால் ஒலியின் வேகம் காற்றின் சூட்டோடு மாறும். 25 பாகையில் செக்கனுக்கு 346 மீற்றரளவு, 33 பாகையில் 351 மீற்றரளவு. சரியாக 3 மீற்றர் கீழே தண்ணி நிற்கிறது என்று வைப்போம். காலமை 17,316 மைக்ரோசெக்கன் வரும், வகுத்தால் 298.6 சென்ரிமீற்றர். காற்று சூடாகிய பிறகு அதே தண்ணிக்கு 17,080 மட்டில் வரும், வகுத்தால் 294.5. ஒரு சொட்டுத் தண்ணி கூடாமலே கிணறு 4 சென்ரிமீற்றர் ஊறியமாதிரி கிராப் காட்டும். ஒவ்வொரு மத்தியானமும் அழகாக ஒரு மேடு வரும், பார்த்தால் கடல் வற்றுப்பெருக்கு என்று நினைக்கத் தோன்றும். மைக்ரோசெக்கனும் வெப்பநிலையும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். வெறும் சென்ரிமீற்றர் மட்டும் இருந்தால், எந்தச் சூட்டில் எடுத்த அளவு என்றே தெரியாது.

ஆகவே டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சர் ஒன்றையும் சேருங்கள். தரவு வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேணும். கிணற்றுக் கட்டில் வெயில் படுகிற இடத்தில் வைக்காமல், உள்ளே பாதித் தூரத்துக்குத் தொங்கவிடுங்கள். கிணற்றுக்குள் மேலும் கீழும் ஒரே சூடு இல்லை, அதனால் முழுதாகத் திருந்தாது. ஆனாலும் அந்தப் பொய் மேடு நல்லாய்க் குறையும். திடீரென்று 85 பாகை அல்லது -127 பாகை வந்தால் பயப்பட வேண்டாம். 85 என்பது அளக்க முதல் சென்சரில் நிற்கிற இலக்கம், -127 வந்தால் வயர் விட்டுப்போச்சு என்று அர்த்தம். கோப்பில் அவை இருக்கட்டும், கிராப்பில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பொருத்துகிற இடம் முக்கியம். கிணற்றுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, நடுவில் நேரே கீழே பார்க்கிறமாதிரிப் பூட்டுங்கள். சுவரோரம் வைத்தால் கல்லிலும் மோட்டர் பைப்பிலும் பட்டுத் திரும்பிய ஒலியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஈரம் தாங்குகிற வகை சென்சர் 25 சென்ரிமீற்றருக்குள் வந்ததை அளக்காது, தண்ணி 4 மீற்றரைத் தாண்டி ஆழத்தில் நின்றால் நம்பவும் ஏலாது. எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துக் கிணறுகள் கார்த்திகை மழைக்கு வாய்மட்டும் வரும், எனவே பலகையைக் கட்டுக்கு மேலே உயர்த்தியே வையுங்கள். கோடையில் தண்ணி ஆழத்துக்குப் போகிற கிணறு என்றால் இந்த வகை சரிவராது, தண்ணிக்குள் இறக்குகிற அழுத்த சென்சர்தான் வேணும். எதை வைத்தாலும் இடைக்கிடை நூலில் கல்லைக் கட்டி இறக்கி, கையால் அளந்து அதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பதிகிற வேலை சுகம். ஆர்டுயினோ நிமிடத்துக்கு ஒருக்கா ஐந்து அளவு எடுத்து ஐந்தையும் அனுப்பட்டும். அவற்றில் நடு இலக்கத்தைத் தெரிவுசெய்வதை லப்டொப் பார்க்கும். நேரத்தை லப்டொப்பே போட வேணும், ஏனென்றால் போட்டுக்கு நாளும் மணியும் தெரியாது. 2024-11-05 என்கிறமாதிரி வருடம் முன்னால் வரட்டும். 05/11 என்று எழுதினால் ஒரு கணினி நொவம்பர் என்னும், இன்னொன்று மே என்னும். பைதனில் பைசீரியல் நூலகம் போதும், இருபது வரிக்குள் முடியும். ஒவ்வொரு வரியும் வந்த உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள், பழைய பற்றரியை நம்பி வைத்திருக்க வேண்டாம். போர்ட்டைத் திறக்கும்போது ஊனோ தானாக ரீசெட் ஆகும், முதல் இரண்டு செக்கனில் வருகிற குப்பையை விட்டுவிடுங்கள். ஆர்டுயினோவோடு வருகிற சீரியல் புளொட்டர் ஆடுகிற கோட்டைக் காட்டும், ஒன்றையும் சேமிக்காது.

செக்கனுக்கு ஒன்று பதிய ஆசைப்படாதீர்கள். எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிதான், பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் வருடம் முழுக்கவே 5,25,600 வரிதான்.

கிராப்பைக் கீறும்போது லைன் சார்ட் எடுக்காமல் எக்ஸ்-வை ஸ்கற்றர் எடுங்கள். லைன் சார்ட்டில் வரிகள் சம இடைவெளியில் நிற்கிறமாதிரி வர இடமுண்டு, இரண்டு மணித்தியாலம் கரண்ட் போனது தெரியாமலே மறைந்துவிடும். தரவு இல்லாத இடத்தில் கோடு அறுந்து கிடக்கட்டும்.

சரியாக வந்தால் நீங்கள் பார்க்கப்போகிற முதல் சுவாரசியம் மோட்டர். போட்ட உடனே கோடு சடாரென்று விழும். நிறுத்தினதும் முதலில் கெதியாக ஏறி, போகப்போகச் சாய்வு குறைந்து படுக்கும். அந்த ஏறுகிற சாய்வையும் கிணற்றின் அகலத்தையும் வைத்து, மணித்தியாலத்துக்கு எவ்வளவு தண்ணி ஊறுகிறது என்று கணக்குப் பார்க்கலாம். அயலில் வெங்காயத் தோட்டம் இருந்தால் அவர்கள் இறைக்கிற நேரமும் உங்கட கோட்டில் தெரியக்கூடும், கீழே ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல் அல்லவா. எனக்கு இதுதான் இந்த வேலையில் மிகப் பிடித்த இடம்.

வற்றாத ஆறு என்று ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர்தான். அது கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே 40 அடிமட்டில் நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது பலருக்கும் தெரியும். உங்கட கிணறு கடற்கரைப் பக்கம் என்றால், உப்பு ஏறுகிறதா என்று பார்க்க மின்கடத்துதிறன் சென்சர் ஒன்றும் சேர்க்கப் பெறுமதி உண்டு. கடத்துதிறன் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 வீதம் கூடும், 25 பாகைக்குத் திருத்தித்தான் ஒப்பிட வேணும். இதற்குத் தண்ணியின் சூடு தேவை, எனவே இரண்டாவது டிஎஸ்18பி20 ஒன்றை நீருக்குள் விடுங்கள். அதே வயரில் கொழுவலாம், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்கு.