வாங்கும் முன் கேளுங்கள்: ஸ்டியரிங்கை விடச் சொல்லும் விற்பனையாளர்கள்

வாசகர், பூச்சோங்: ஓட்டுநர் உரிமம் இல்லாத என் அப்பாவுக்குத் தானாக ஓடும் கார் வாங்கித் தர ஆசை. மலேசியாவில் எது நல்லது?

எதுவும் இல்லை. இங்கே விற்கும் எந்தக் காரையும், விலை எவ்வளவானாலும், உரிமம் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் இல்லாத வண்டிதான் வேண்டுமென்றால் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் 1998 முதல் ஓடுகிறது. டிக்கெட்டும் மலிவு.

வாசகர், பங்சார்: மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். மேலும் 32,000 வெள்ளி கட்டினால் முழுத் தானியங்கி ஓட்டமாம். மென்பொருள் பிறகு வருமாம். இப்போதே கட்டலாமா?

"பிறகு வரும்" என்பது எனக்கு ஆகவே ஆகாத பேச்சு. தயாரிக்கும் எல்லாக் கார்களிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு வேண்டிய கருவிகள் இருப்பதாக டெஸ்லா 2016 அக்டோபரில் அறிவித்தது. 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை கார் தானே போய்க் காட்டும் என்றார் அதன் தலைவர் இலோன் மஸ்க். போகவில்லை. 2024இல் அந்த வசதியின் பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்று நிறுவனமே சேர்த்துக்கொண்டது. 2025 ஜனவரியில், பழைய கார்களின் கணினியை மாற்ற வேண்டியிருக்கும் என்று மஸ்க்கே சொன்னார். முன்பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் காரையே விற்றுவிட்டார்களோ!

எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் படியில் கார் ஸ்டியரிங்கைத் திருப்பும், பிரேக் போடும். ஆனால் சாலையைப் பார்க்க வேண்டியவர் நீங்கள், மோதினால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். நம் விற்பனைக் கூடங்களில் பெருமையாகக் காட்டுவதெல்லாம் இதுதான். மூன்றாம் படிக்கு மெர்சிடிஸ் பென்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது. அதுவும் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வேமோ என்ற நிறுவனம் ஓட்டுநரே இல்லாமல் டாக்சி விடுகிறது. அதில் ஏறலாம், அதை வாங்க முடியாது.

விற்பனையாளரிடம் கேளுங்கள்: "இது எந்தப் படி? எந்தத் தேதிக்குள் வரும்? எழுதிக் கொடுங்கள்." கொடுக்க மாட்டார். அந்த 32,000 வெள்ளியை முன்பணத்தில் சேர்த்துக் கார்க் கடனைக் குறையுங்கள்.

வாசகர், பட்டர்வொர்த்: கோலாலம்பூர் போகும்போது ஸ்டியரிங்கில் கையை வைக்கச் சொல்லிக் கார் கத்துகிறது. அதில் தண்ணீர் போத்தலைச் செருகினால் அடங்கிவிடுகிறது. இதனால் உத்தரவாதம் கெடுமா?

உத்தரவாதமா? இந்நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். உங்கள் பக்கத்தில் போகும் அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. போத்தலை எடுத்துத் தண்ணீரைக் குடியுங்கள். தூக்கம் வந்தால் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்துங்கள்.

வாசகி, புக்கிட் மெர்தாஜாம்: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். தடம் விலகாமல் காக்கும், தானாகப் பிரேக் போடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பழைய கார் வாங்கினேன். இரண்டும் வேலை செய்யவில்லை. முன்கண்ணாடியை மாற்றியவர்கள் கேமராவைச் சரிசெய்யவில்லை என்கிறார் பட்டறைக்காரர். விற்றவர் போனை எடுப்பதில்லை.

உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, டீச்சர். அந்தக் கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடி மாறினால் அதை மறுபடி அளவுபடுத்த வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்து உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள், பட்டறைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, காலக்கெடு 3 ஆண்டு. வழக்கறிஞர் வேண்டியதில்லை, விற்றவரும் கூட்டி வர முடியாது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். அதுவரை அந்தப் பிரேக்கை நம்பி ஓட்டாதீர்கள்.

வாசகர், செந்தூல்: இணையத்தில் 199 வெள்ளிக்கு ஒரு கருவி. பழைய காரில் பொருத்தினால் மோதலைத் தடுக்குமாம்?

தடுக்காது. பிரேக்கோடு அதற்குத் தொடர்பே கிடையாது, கத்த மட்டும் தெரியும். நான் வாங்கியது மழையைக் கண்டாலும் கத்தியது, டோல் சாவடியைக் கண்டாலும் கத்தியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் என் மனைவி அதைப் பிடுங்கி இருக்கைக்கு அடியில் போட்டார். வேண்டுமானால் இலவசமாகத் தருகிறேன். அஞ்சல் செலவு உங்களுடையது.