பனிக்குள்ள பீம் சென்சர் வேல செய்யுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நாங்க தலவாக்கலை பக்கம். லயத்துக்கு பின்னால லீக்ஸ், கரட் போட்டிருக்கோம், ராத்திரியில காட்டுப்பன்னி வந்து எல்லாத்தையும் கிளறிட்டு போயிருது. கடையில 60 மீட்டர்னு போட்ட இன்ஃப்ராரெட் பீம் சென்சர் ஒன்ன காட்டி, இது பனியையும் ஊடுருவும்னு சொல்றாங்க. எங்க தோட்டத்து ஓரம் 50 மீட்டர் வரும். வாங்கலாமா, இல்ல சாதாரண மோஷன் சென்சர் போதுமா?

பதில்: தம்பி, பீம் சென்சர்ங்கிறது ஒரு கம்பத்துல இருந்து எதிர் கம்பத்துக்கு கண்ணுக்கு தெரியாத கதிர அடிக்கும், அது மறைஞ்சா அலார்ம் அடிக்கும். பனிய ஊடுருவும்ங்கிறத மட்டும் நம்பிறாதீங்க. இந்த சென்சர்கள்ல வர்ற கதிரோட அலைநீளம் பெரும்பாலும் 850 இல்லாட்டி 940 நானோமீட்டர், பனித்துளி அதவிட பல மடங்கு பெருசு, அதனால டோர்ச் வெளிச்சம் சிதறுற மாதிரியே இதுவும் சிதறிரும், எதிர்ல உள்ள கம்பமே தெரியாத அளவுக்கு மூடினா பீம் போய் சேர்றது சந்தேகம்தான்.

பெட்டியில உள்ளுக்கு ஒரு தூரம், வெளிக்கு ஒரு தூரம்னு ரெண்டு போட்டிருப்பாங்க, கடக்காரங்க பெரிய நம்பரத்தான் சொல்லுவாங்க, நீங்க பார்க்க வேண்டியது வெளிக்கு உள்ள சின்ன நம்பர். உங்க 50 மீட்டருக்கு வெளித்தூரம் 100 போட்டத எடுங்க, இல்லாட்டி நடுவுல கம்பம் நட்டு ரெண்டு செட்டா பிரிச்சிருங்க. ரெட்டை பீம் உள்ளதே வாங்குங்க, ரெண்டும் ஒன்னா மறைஞ்சாதான் அடிக்கும், இலை விழுந்ததுக்கெல்லாம் அலறாது.

மோஷன் சென்சர் வாசலுக்கு சரி. தோட்டத்துக்கு சரிவராது, அது சூடு அசையிறத வச்சுத்தான் அடிக்கும், வெயில்ல சூடான செடி காத்துல ஆடினாலே அடிச்சிரும்.

பூட்டுறதுலதான் நம்ம மலையில பெரிய சிக்கல். பீம் நேர்கோட்டுல போகும், நிலம் அப்படி இல்லயே, நடுவுல ஒரு கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) இருந்தா பன்னி அதுக்குள்ளால பூந்து வந்துரும், அதனால மேல இருந்து கீழ பூட்டாம சரிவுக்கு குறுக்கால பூட்டுங்க. உயரமும் மனுசனுக்கு சொல்ற அளவுல வச்சா பன்னி அடியால போயிரும், முழங்காலுக்கு கீழயே வைங்க, புல்ல வெட்டிக்கிட்டே இருக்கணும். கதிர வாங்குற பெட்டிக்கு (ரிசீவர்) காலை வெயிலோ அந்தி வெயிலோ நேரா படக்கூடாது.

இது அலார்ம் மட்டும்தான், பன்னிய நிறுத்தாது. அதுக்காக கம்பி சுருக்கு வைக்காதீங்க, லைன் கரண்ட்டும் குடுக்காதீங்க, 2020ல நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்னு சுருக்குல மாட்டித்தான் செத்துச்சு, ராத்திரியில அந்த வழியா பிள்ளைங்களும் வரலாம்.

வாங்கும்போது வெளித்தூரத்தையும் வாரண்டியையும் பில்லுலயே எழுதித்தர சொல்லுங்க. சொன்னதுக்கு மாறா குடுத்துட்டு மாத்தமாட்டோம்னா, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சு சொல்லலாம்.