வரலாறு எப்போது துறையானது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாறு ஒரு கல்வித்துறையாகி 200 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பழங்காலக் கிரேக்கரான ஹெரோடோட்டஸ் கிறிஸ்துவுக்கு முன்பே வரலாறு எழுதிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் 1622இலேயே வரலாற்றுக்குப் பேராசிரியர் பதவி இருந்திருக்கிறது. பிறகு ஏன் ஜெர்மானியரான ராங்கேயை வரலாற்றுத் துறையின் ‘தந்தை’ என்கிறார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

ஆக்ஸ்ஃபோர்டு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பதவியில் இருந்தவரின் வேலை, ஃப்ளோரஸ் என்ற ரோமானியரின் நூலை வைத்துப் பாடம் சொல்வது. நூலை விளக்கினார்கள், சோதிக்கவில்லை. 1724இல் பிரிட்டனின் முதலாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய பதவிகளோ வெளியுறவுப் பணிக்கு ஆள் தயாரிப்பதற்காக.

‘தந்தை’ பட்டத்தில் எனக்கும் பெரிய மரியாதை இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்டரர் என்ற பேராசிரியர் 1760களிலேயே வரலாற்றுக்கென ஒரு கழகம் நடத்தினார். மூலபாடத்தைச் சொல் சொல்லாக உரசிப் பார்க்கும் பழக்கமும் ராங்கேயுடையதல்ல. இன்னொரு ஜெர்மன் பல்கலைக்கழகமான ஹாலேயில் வுல்ஃப் என்ற மொழியறிஞர் 1787இல் தொடங்கிய கிரேக்க, லத்தீன் ஆய்வு வகுப்பிலிருந்து வந்தது அது.

1824இல் ராங்கே 28 வயதுப் பள்ளி ஆசிரியர். அந்த ஆண்டு வந்த அவருடைய முதல் நூலின் முன்னுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னிணைப்பு. குவிச்சார்தினி என்ற பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் எழுதிய இத்தாலிய வரலாற்றை, நேரில் கண்டவரின் சாட்சியம் என்று நம்பி வந்தார்கள். ராங்கே அதை மற்ற நூல்களோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, பல இடங்கள் அவற்றிலிருந்து எடுத்தவை என்றும், அதிலுள்ள சொற்பொழிவுகளை நம்ப முடியாது என்றும் காட்டினார். அடுத்த ஆண்டே பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது.

அங்கே அவர் விரிவுரை சுமார்தான் என்பார்கள். காரியம் நடந்தது வீட்டில். ஒரு சில மாணவர்கள் இடைக்கால ஆவணங்களை எடுத்து, எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாரைப் பார்த்து எழுதினார் என்று அலசுவார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். அப்படி வந்தவர்கள்தான் வைட்ஸும் சீபெலும். சீபெல் 1859இல் ஒரு வரலாற்று ஆய்விதழைத் தொடங்கினார். கோட்டிங்கனில் வைட்ஸிடம் படித்த பிரெஞ்சுக்காரர் மோனோ 1876இல் பாரிஸில் இன்னொன்று தொடங்கினார். கைமாறிப் போனது இந்தப் பயிற்சிதான். அதனால்தான் 200 ஆண்டு என்றேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ராங்கே ஆசையாகத் தேடிப் படித்தவை, வெனிஸ் தூதர்கள் ஊர் திரும்பியதும் தங்கள் செனட்டுக்கு அளித்த அறிக்கைகள். தூதர் பார்ப்பது அரசவை, படை, கஜானா. குடியானவர்களும் பெண்களும் அந்தக் காகிதங்களில் ஓரமாகவே வருகிறார்கள். புதிய துறையும் வெகுகாலம் அவர்களை அங்கேயே வைத்திருந்தது.